டைம்லைன் ஏன் திக்குகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

உயர் தெளிவு வீடியோவைக் கணினியில் எடிட் செய்யும்போது, காட்சித் துண்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் படம் சீராக ஓடாமல் திக்கித் திக்கி நிற்கிறது என்ற குறையோடு இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. குறை ஒன்றாகத் தோன்றினாலும் காரணம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால், ஒருவருக்குச் சொன்ன மருந்தை மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற வேண்டுகோளோடு தொடங்குகிறேன்.

கேள்வி: திருமண வீடியோ எடுக்கும் தொழில் செய்கிறேன். அண்மையில் சோனி ஏ7 எஸ்3 கேமராவுக்கு மாறி, 4கே, 10-பிட், 4:2:2 அமைப்பில் எடுத்து வருகிறேன். அதற்காகவே விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு போட்ட புதிய கணினியும் வாங்கினேன். ஆனாலும் பிரீமியர் புரோ எடிட்டிங் மென்பொருளில் படம் இரண்டு விநாடி ஓடி நின்றுவிடுகிறது. பழைய கேமராவின் 8-பிட் கோப்புகள் இதே கணினியில் தங்கு தடையின்றி ஓடுகின்றன. புதிய கோப்புகளின் அளவும் பெரிதாக இல்லை. கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டாரா?
(ஒளிப்பதிவாளர், திண்டுக்கல்)

பதில்: ஏமாற்றவில்லை. நீங்கள் என்ன வேலைக்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டு விற்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்திலேயே விடையின் ஒரு பகுதி இருக்கிறது. கோப்பின் அளவு பெரிதாக இல்லை என்கிறீர்கள், சிக்கலே அதுதான். 3840 × 2160 அளவுள்ள ஒரு ஃபிரேமில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு மூன்று பைட் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு ஃபிரேம் 25 மெகாபைட். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 622 மெகாபைட். உங்கள் கேமராவோ அதை விநாடிக்கு 140 மெகாபிட், அதாவது பதினேழரை மெகாபைட் அளவுக்குள் அடக்கிக் கொடுத்துவிடுகிறது. ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருட்டி மடித்ததைக் கணினி ஒவ்வொரு விநாடியும் பிரித்து விரித்தாக வேண்டும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது எச்.264, எச்.265 என்ற சுருக்க முறைகளில் வரும் கோப்புகளுக்கு அப்படியே பொருந்தும்.

எப்படிச் சுருட்டுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். மளிகைக் கடைப் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் நாளில் முழு நிலுவையும் எழுதப்பட்டிருக்கும். அதன் பிறகு அன்றன்று வாங்கியதும் கொடுத்ததும் மட்டுமே பதிவாகும். இருபதாம் தேதி நிலுவை எவ்வளவு என்று கேட்டால் முதல் தேதியிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். எச்.264 வகைக் கோப்பும் பெரும்பாலும் இப்படித்தான். அரை விநாடிக்கோ ஒரு விநாடிக்கோ ஒருமுறை ஒரு முழு ஃபிரேம் இருக்கும். இடையில் இருப்பவை எல்லாம் முந்தைய ஃபிரேமிலிருந்தும், சில நேரம் பிந்தைய ஃபிரேமிலிருந்தும் என்ன மாறியது என்ற குறிப்புகள் மட்டுமே. படத்தை நேராக ஓட விட்டால் கணினி சமாளிக்கும். நீங்கள் டைம்லைனில் அங்குமிங்கும் தாவும்போதும், பின்னோக்கி ஓட்டும்போதும், இரண்டு விநாடிக்கு ஒரு வெட்டு வைத்திருக்கும்போதும், ஒவ்வொரு முறையும் முழு ஃபிரேமைத் தேடிப் போய்க் கணக்கைக் கூட்டத் தொடங்க வேண்டியிருக்கிறது. வி.எல்.சி. பிளேயரில் அழகாக ஓடும் கோப்பு எடிட்டிங்கில் நொண்டுவதற்கும் இதுவே காரணம்.

இந்தக் கூட்டல் வேலையைச் செய்வதற்கென்றே சிப்புக்குள் தனிப் பகுதி உண்டு. விளையாட்டுகளையும் எஃபெக்ட்களையும் இயக்கும் பகுதி வேறு, இது வேறு. கார்டின் விலை உயர்வதால் மட்டும் இந்தப் பகுதியின் திறன் உயர்ந்துவிடாது. என்விடியா கார்டுகளில் இப்பகுதி 4:2:2 வகை (4:2:0 வகையைவிட நிறத் தகவல் அதிகம் உள்ளது) எச்.264, எச்.265 கோப்புகளைக் கையாளத் தொடங்கியது 2025-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான். அதற்கு முந்தைய கார்டு, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், உங்கள் கோப்பைத் தொடாமல் முழுச் சுமையையும் பிராசஸரின் தலையில் ஏற்றிவிடும். பழைய கேமராவின் 8-பிட் கோப்புகள் 4:2:0 வகையைச் சேர்ந்தவையாக இருந்திருக்கும். அவற்றுக்கு உதவி கிடைத்தது, இவற்றுக்குக் கிடைக்கவில்லை.

இனி உங்கள் கணினியின் பிராசஸரைப் பாருங்கள். இன்டெல் நிறுவனம் இதே விரிக்கும் வேலைக்கான குவிக் சிங்க் என்ற வசதியை 2011-ஆம் ஆண்டு முதல் தன் பிராசஸர்களோடு சேர்ந்து வரும் கிராபிக்ஸ் பகுதியில் தந்து வருகிறது. மேசைக் கணினிகளில் 11-ஆம் தலைமுறையிலிருந்து அது எச்.265 10-பிட் 4:2:2 கோப்புகளையும் விரிக்கும். ஆனால் மாதிரி எண்ணின் கடைசியில் ‘எஃப்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அந்தப் பிராசஸரில் கிராபிக்ஸ் பகுதியே இயங்காது; சில ஆயிரம் ரூபாய் குறைகிறது என்று கடைகளில் அதிகம் தள்ளப்படுவதும் இந்த ‘எஃப்’ வகைதான். உங்களுடையது ‘எஃப்’ இல்லாதது என்றால் நல்ல காலம். தனி கார்டு போட்டதும் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்பில்) உள்ளமைந்த கிராபிக்ஸ் அணைக்கப்பட்டிருக்கலாம். அதை மீண்டும் இயக்கி, இன்டெல் டிரைவரை நிறுவி, பிரீமியரின் பிரிஃபரன்சஸ் பகுதியில் மீடியா என்ற தலைப்பின் கீழ் வன்பொருள் வழி டிகோடிங்கை, அதாவது கோப்பை விரிக்கும் வேலையை, இன்டெலுக்கும் சேர்த்து டிக் செய்து, மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள்.

இன்னும் ஒரு நுணுக்கம் உள்ளது. உங்கள் கேமராவில் எக்ஸ்.ஏ.வி.சி. எஸ் என்பது எச்.264, எக்ஸ்.ஏ.வி.சி. எச்.எஸ் என்பது எச்.265. மேலே சொன்ன இன்டெல் உதவி 4:2:2-ஐப் பொறுத்தவரை எச்.265-க்குத்தான் கிடைக்கும். எனவே எச்.எஸ் வகைக்கு மாறுவது உங்களுக்கு நல்லது. ஆனால் 4கே அளவில் அந்த வகையில், நம் நாட்டு ஒளிபரப்பு முறையான பால் (PAL) முறையில் 50 ஃபிரேம் உண்டு, 25 கிடையாது. 25-தான் வேண்டும் என்றால் எக்ஸ்.ஏ.வி.சி. எஸ்-ஐ என்ற மூன்றாவது வகை இருக்கிறது. அதில் ஒவ்வொரு ஃபிரேமும் முழு ஃபிரேம் என்பதால் பிராசஸருக்கு வேலை குறையும். அதற்கு ஈடாக விநாடிக்கு 250 மெகாபிட் இடம் பிடிக்கும், ஒரு மணி நேரத்துக்கு 112 ஜி.பி. முகூர்த்தம் முழுவதையும் அதில் எடுத்தால் மெமரி கார்டு செலவு கையைக் கடிக்கும். எனக்கென்றால் வழக்கமான வகையிலேயே எடுத்துவிட்டு, அடுத்த பதிலில் சொல்லும் ப்ராக்ஸி வழியில் போவதே கட்டுப்படியாகும் என்று தோன்றுகிறது.

கேள்வி: குறும்பட இயக்கம் பயிலும் மாணவன் நான். என்னிடம் இருப்பது ஆறு ஆண்டுப் பழைய லேப்டாப். பிளேபேக் ரெசல்யூஷனைக் கால் பங்காகக் குறைத்தும் திக்கல் போகவில்லை. ப்ராக்ஸி செய்யச் சொல்கிறார்கள். படத்தின் தரம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
(மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: பயம் வேண்டாம். ப்ராக்ஸி என்பது அசல் கோப்புக்குப் பதிலாக எடிட்டிங் மேசையில் உட்காரும் எளிய நகல். எங்கே வெட்டுவது, எதை எங்கே ஒட்டுவது என்ற முடிவுகளை நகலை வைத்து எடுக்கிறீர்கள். இறுதியில் எக்ஸ்போர்ட் ஆகும்போது அந்த முடிவுகள் அசல் கோப்பின் மீது நிறைவேற்றப்படும். பிரீமியரில் எக்ஸ்போர்ட் பகுதியில் ப்ராக்ஸியைப் பயன்படுத்து என்ற கட்டம் இயல்பாகவே காலியாகத்தான் இருக்கும். நீங்களாகப் போய் அதை டிக் செய்யாத வரை அசல்தான் வெளிவரும்.

பிளேபேக் ரெசல்யூஷனைக் குறைத்தும் ஏன் பயன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கால் பங்கு என்று வைத்தால் எஃபெக்ட், கலர், அளவு மாற்றம் ஆகிய வேலைகள் சிறிய படத்தின் மீது நடக்கும். அந்தச் சுமை குறையும். ஆனால் எச்.264, எச்.265 கோப்புகளில் கால் பங்கு படத்தை மட்டும் தனியாக விரித்தெடுக்க வழியில்லை. முழு 4கே ஃபிரேமையும் விரித்த பிறகுதான் சிறிதாக்க முடியும். பற்று நோட்டுக் கணக்கைக் கால் பங்கு மட்டும் கூட்ட முடியாதல்லவா? ரெட் நிறுவனக் கேமராவின் ரா (raw) கோப்புகளில் நிலைமை வேறு. அவை படத்தைப் பல அளவுகளில் அடுக்கி வைக்கும் வேவ்லெட் (wavelet) முறையில் சுருக்கப்பட்டவை என்பதால் கால் பங்கு என்றால் உண்மையிலேயே குறைவாகத்தான் விரிக்கும். ஆகவே அந்தத் தேர்வு ஒருவருக்கு வரப்பிரசாதமாகவும் மற்றவருக்கு வெறும் அலங்காரமாகவும் இருக்கிறது.

ப்ராக்ஸிக்கு எந்த கோடெக், அதாவது எந்தச் சுருக்க முறை, என்பதில் கவனம் தேவை. ஆப்பிள் நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த புரோரெஸ் குடும்பத்தில் புரோரெஸ் ப்ராக்ஸி என்றே ஒரு வகை உண்டு. அவிட் நிறுவனத்தின் டி.என்.எக்ஸ்.எச்.ஆர். குடும்பத்தில் எல்.பி. என்பது அதற்கு இணையானது. இரண்டிலும் ஒவ்வொரு ஃபிரேமும் முழு ஃபிரேம். முன்பின் கணக்குக் கிடையாது. 1920 × 1080 அளவில், 25 ஃபிரேமில், புரோரெஸ் ப்ராக்ஸி விநாடிக்கு 38 மெகாபிட் எடுக்கும். ஒரு மணி நேர ஃபுட்டேஜுக்கு 17 ஜி.பி. போதும். உங்கள் லேப்டாப்புக்கு 1280 × 720 அளவே தாராளம். எச்.264-இலேயே ப்ராக்ஸி செய்யலாம் என்றும் மென்பொருள் கேட்கும். இடம் மிச்சமாகும் என்றாலும், எந்த நோயிலிருந்து தப்ப வந்தோமோ அதையே சிறிய அளவில் திரும்பக் கூட்டி வருவதாகும். டிஸ்க்கில் இடமே இல்லாதவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

செய்முறை எளிது. பிரீமியரில் கிளிப்களைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்து, ப்ராக்ஸி என்ற பட்டியலில் உருவாக்கு என்று கொடுத்தால் மீடியா என்கோடர் திறந்து வேலையைத் தொடங்கும். புரோகிராம் மானிட்டரின் கீழே உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் ப்ராக்ஸியை மாற்றும் பொத்தான் கிடைக்கும். அதைக் கீழே இழுத்து வைத்துக்கொண்டால் நகலுக்கும் அசலுக்கும் ஒரே அழுத்தில் மாறலாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் மீடியா பூலில் வலது கிளிக் செய்தால் இதே வசதி இருக்கிறது. கேடென்லைவ், ஷாட்கட் போன்ற கட்டணமில்லா மென்பொருள்களிலும் உண்டு. இரவு படுக்கப் போகும்முன் தொடங்கிவிட்டால் காலையில் தயாராக இருக்கும்.

மூன்று இடங்களில் மட்டும் நகலை நம்பாதீர்கள்: ஃபோகஸ் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும்போது, கலர் கரெக்‌ஷன் செய்யும்போது, பச்சைத் திரையை நீக்கும்போது. அப்போதெல்லாம் அசலுக்கு மாறிக்கொள்ளுங்கள். வேறு மென்பொருளில் ப்ராக்ஸி செய்து கொண்டுவந்து இணைப்பதாக இருந்தால் ஃபிரேம் விகிதமும் ஆடியோ சேனல்களின் எண்ணிக்கையும் அசலோடு ஒத்திருக்க வேண்டும். அசலில் நான்கு சேனல் இருந்து நகலில் இரண்டு இருந்தால் பிரீமியர் இணைக்க மறுத்துவிடும்; அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்துவிட்டு ப்ராக்ஸியே கெட்டுப்போனது என்று அழித்தவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: எங்கள் சபாக் கச்சேரிகளை மூன்று கேமராக்களில் பதிவு செய்கிறோம். எச்.265 கோப்பு எடிட்டிங்குக்கு ஆகாது என்று படித்துவிட்டு, எல்லாவற்றையும் 4கே புரோரெஸ் 422-ஆக மாற்றி வெளி ஹார்டு டிஸ்க்கில் வைத்தேன். ஒரு கேமரா மட்டும் என்றால் ஓடுகிறது. மூன்றையும் ஒரே நேரத்தில் ஓட்டி மாற்றி மாற்றி வெட்டும் மல்டிகேம் ஆக்கினால் முன்பைவிட மோசமாகத் திக்குகிறது. என்னுடையது எம்1 சிப் உள்ள மேக் மினி.
(வாசகர், சென்னை)

பதில்: சுமையை ஒரு தோளிலிருந்து இறக்கி இன்னொரு தோளில் ஏற்றிவிட்டீர்கள். புரோரெஸ் விரிப்பதற்கு எளிது, ஆனால் பருமன் அதிகம். 4கே அளவில் 25 ஃபிரேமுக்குப் புரோரெஸ் 422 விநாடிக்கு 492 மெகாபிட், அதாவது 61 மெகாபைட்டுக்குச் சற்று மேல் கேட்கும். மூன்று கேமராவுக்கு 185 மெகாபைட். கையில் எடுத்துச் செல்லும் சிறிய ஹார்டு டிஸ்க்குகள் ஒரே கோப்பைத் தொடர்ச்சியாகப் படித்தாலே சுமார் 100 முதல் 140 மெகாபைட்தான் தரும். மூன்று கோப்புகளை ஒரே நேரத்தில் கேட்டால் உள்ளே சுழலும் தட்டின் மீது ஊசிமுனை மூன்று இடங்களுக்கும் மாறி மாறி ஓட வேண்டும். அதில் அந்த வேகமும் போய்விடும். கச்சேரி ஒரு மணி நேரத்துக்குக் கேமரா ஒன்றுக்கு 221 ஜி.பி. இடம் போயிருக்குமே, அதைப் பார்த்தபோதே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

உங்கள் எம்1 சிப்பில் எச்.265 10-பிட் 4:2:2 கோப்புகளை விரிக்கும் வன்பொருள் ஏற்கெனவே இருப்பதால், மாற்றியிருக்கவே தேவையில்லை என்பது இன்னும் வருத்தமான செய்தி. அசல் கோப்புகளை வைத்தே மல்டிகேம் செய்து பாருங்கள். போதவில்லை என்றால் 1080 அளவில் புரோரெஸ் ப்ராக்ஸி செய்யுங்கள்; மூன்று கேமராவுக்கும் சேர்த்து விநாடிக்கு 14 மெகாபைட்தான் ஆகும், அந்த ஹார்டு டிஸ்க்கே எளிதில் கொடுத்துவிடும். 422-ஐயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் வெளி எஸ்.எஸ்.டி. ஒன்று தேவை, சாட்டா வகையே விநாடிக்கு 500 மெகாபைட்டுக்கு மேல் தரும். அதை வாங்கியதும் கேபிளையும் பாருங்கள். கைபேசியைச் சார்ஜ் செய்ய வரும் டைப்-சி கேபிள்களில் பல யு.எஸ்.பி. 2.0 வேகத்துக்கு மட்டுமே ஆனவை. எவ்வளவு நல்ல எஸ்.எஸ்.டி.யாக இருந்தாலும் அந்தக் கேபிளில் விநாடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்டாது. முனை ஒன்றுபோல இருப்பதால் பார்வையில் தெரியாது. பெட்டிக்குள் எஸ்.எஸ்.டி.யோடு வந்த கேபிளில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

கேள்வி: என் கணினி நல்ல வேகம். ஃபிரேம் எதுவும் விடுபடவில்லை என்றே மென்பொருளும் காட்டுகிறது. ஆனாலும் கேமராவை இடமிருந்து வலமாகத் திருப்பிய காட்சிகள் மட்டும் வெட்டி வெட்டி இழுப்பதுபோல் தெரிகின்றன.
(வாசகர், மதுரை)

பதில்: மென்பொருள் சொல்வதை நம்புங்கள், குற்றவாளி மானிட்டர். உங்கள் வீடியோ விநாடிக்கு 25 ஃபிரேம், மானிட்டர் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. 60-ஐ 25-ஆல் வகுத்தால் 2.4. அரை குறையாக ஒரு ஃபிரேமைக் காட்ட முடியாது என்பதால் சில ஃபிரேம்கள் இரண்டு முறையும் சில மூன்று முறையும் காட்டப்படுகின்றன. பேசும் முகங்களில் இது தெரியாது. கோபுரத்தின் மீது கேமரா மெதுவாக நகரும்போது கண் உடனே பிடித்துவிடும். மானிட்டர் அமைப்பில் 50 அல்லது 75 ஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள். 75-இல் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக மூன்று முறை வரும்; நடுத்தர விலை மானிட்டர்கள் பலவற்றில் அந்தத் தேர்வு உண்டு. அப்போதும் இழுத்தால் எடுத்தபோது கேமராவை வேகமாகத் திருப்பிவிட்டீர்கள் அல்லது ஷட்டர் வேகத்தை அளவுக்கு மீறி உயர்த்தி வைத்திருந்தீர்கள். 25 ஃபிரேமுக்கு ஐம்பதில் ஒரு விநாடி என்பது பொதுவான அளவு. அதை எடிட்டிங் மேசையில் சரிசெய்ய முடியாது.

மற்றவர்களுக்காக: பிரீமியரில் புரோகிராம் மானிட்டரின் அமைப்புப் பட்டியலில் விடுபட்ட ஃபிரேமைக் காட்டும் விளக்கை இயக்கினால், ஃபிரேம் விடுபடும்போது பச்சை மஞ்சளாகும். ரிசால்வில் படத்தின் மேலே ஒரு புள்ளியும் ஓடும் வேகமும் தெரியும். புள்ளி சிவந்தால் கணினி பின்தங்குகிறது. கண்ணுக்குத் தோன்றுவதை மட்டும் வைத்துப் பணம் செலவழிக்கும்முன் இதைப் பாருங்கள்.

கேள்வி: கைபேசியில் எடுத்த நேர்காணலை எடிட் செய்கிறேன். தொடக்கத்தில் சரியாக இருக்கும் உதட்டசைவும் குரலும் அரை மணி நேரத்தில் விலகிவிடுகின்றன. இடையிடையே படமும் திக்குகிறது.
(வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: கைபேசிகள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃபிரேம் விகிதத்தைத் தாமாகவே கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. 30 என்று நீங்கள் வைத்திருந்தாலும் ஒரு விநாடியில் 29 இருக்கும், இன்னொன்றில் 30 இருக்கும். எடிட்டிங் மென்பொருள் சீரான விகிதத்தையே எதிர்பார்ப்பதால் தடுமாறுகிறது. ஹேண்ட்பிரேக் என்ற கட்டணமில்லா மென்பொருளில் வீடியோ பகுதியில் மாறாத ஃபிரேம் விகிதம் என்பதைத் தேர்ந்து, 30 என்று கொடுத்து மாற்றிக்கொண்டு, அதன் பிறகு டைம்லைனுக்குக் கொண்டுவாருங்கள். வெட்டத் தொடங்கிய பிறகு மாற்றினால் வெட்டிய இடங்கள் எல்லாம் தவறிப்போகும்.

கேள்வி: ஆல்பப் புகைப்படங்களை வைத்து ஐந்து நிமிட வீடியோ செய்கிறேன். வீடியோவே இல்லை, வெறும் படங்கள்தான். அதற்கும் கணினி திணறுகிறது.
(புகைப்படக் கலைஞர், தஞ்சாவூர்)

பதில்: கேனான் ஆர்5 போன்ற கேமராவின் படம் 8192 × 5464 புள்ளிகள் கொண்டது. ஒரு 4கே ஃபிரேமைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். அதன் மீது மெதுவான ஸூம் வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அவ்வளவு பெரிய படத்தையும் புதிதாகச் சுருக்கிக் காட்ட வேண்டும். லைட்ரூமிலோ போட்டோஷாப்பிலோ நீளப் பக்கம் 4500 புள்ளிகள் அளவுக்கு எல்லாவற்றையும் ஒரே தடவையில் சிறிதாக்கி, அந்தத் தொகுப்பை வைத்து எடிட் செய்யுங்கள். 4கே வீடியோவில் சிறிய ஸூமுக்கு அது போதும்.

கேள்வி: வெட்டி ஒட்டும்வரை நன்றாக ஓடுகிறது. கலரும் நாய்ஸ் ரிடக்‌ஷனும் சேர்த்த பிறகு ஆமை வேகம். ப்ராக்ஸிக்கு மாறியும் பெரிய முன்னேற்றம் இல்லை.
(எடிட்டர், சேலம்)

பதில்: வெட்டி ஒட்டும்வரை ஓடியது என்று நீங்களே சொல்லிவிட்டதால் கோப்பின் மீது பழி இல்லை, எஃபெக்ட்தான் காரணம். உறுதி செய்துகொள்ள வேண்டுமென்றால், பிரீமியரில் எல்லா எஃபெக்ட்களையும் ஒரே அழுத்தில் அணைக்கும் பொத்தானும் ரிசால்வில் கலரை மறைக்கும் பொத்தானும் இருக்கின்றன. அழுத்தியதும் சீராக ஓடினால் சந்தேகமே வேண்டாம். நான் யார் கணினியைப் பார்க்கப் போனாலும் முதலில் செய்யும் சோதனை இதுதான். ஒரு நொடியில் பாதிக் காரணங்கள் விலகிவிடும்.

நாய்ஸ் ரிடக்‌ஷன் இவற்றில் மிகக் கனமானது; இருட்டில் எடுத்த படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலை நீக்கும் வேலை அது. நல்ல நாய்ஸ் ரிடக்‌ஷன் ஒரு ஃபிரேமைச் சுத்தம் செய்ய அதன் முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரு ஃபிரேமைக் காட்டப் பல ஃபிரேம்களை விரித்தாக வேண்டியிருக்கிறது. எனவே அதைச் சேர்த்துச் சரிபார்த்துவிட்டு, அணைத்து வைத்துவிட்டு, எக்ஸ்போர்ட்டுக்கு முன் மீண்டும் இயக்குங்கள். முழு டைம்லைனுக்கும் ஒரே அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (கீழே உள்ள எல்லா ஷாட்டுக்கும் எஃபெக்ட் தரும் அடுக்கு) போட்டு அதில் சேர்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இருட்டில் எடுத்த பத்து ஷாட்டுக்குத் தேவைப்படுவதை இருநூறு ஷாட்டுக்குச் செய்ய வேண்டாம்.

கட்டாயம் ஓட்டிக் காட்ட வேண்டிய பகுதியை ரெண்டர் செய்யுங்கள், அதாவது எஃபெக்ட்களோடு முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கச் சொல்லுங்கள். பிரீமியரில் டைம்லைனின் மேலே சிவப்புக் கோடு இருந்தால் சீராக ஓட வாய்ப்புக் குறைவு, மஞ்சள் என்றால் ஓடக்கூடும், பச்சை என்றால் ரெண்டர் முடிந்தது. அந்தப் பகுதிக்குத் தொடக்கமும் முடிவும் குறித்து ரெண்டர் கட்டளை கொடுத்தால் சிவப்பு பச்சையாகும். ரிசால்வில் ரெண்டர் கேஷை (ரெண்டர் செய்ததைச் சேமிக்கும் தற்காலிகக் கோப்புகளை) ஸ்மார்ட் என்று வைத்துவிட்டு நீங்கள் தேநீர் குடிக்கப் போனால், அது தானாகவே வேலை செய்து கோட்டை நீலமாக்கி வைக்கும். இந்தக் கேஷ் கோப்புகள் எங்கே சேருகின்றன என்பதையும் ஒருமுறை பாருங்கள். வழக்கமாக சி டிரைவில் சேர்ந்து, மாதக்கணக்கில் யாரும் அழிக்காமல், ஒரு நாள் டிரைவ் நிரம்பிக் கணினி முழுவதுமே தள்ளாடத் தொடங்கும். வேகமான இன்னொரு எஸ்.எஸ்.டி.க்கு அதை மாற்றி, முடிந்த வேலைகளின் கேஷை அழித்துவிடுங்கள். அசல் கோப்புகளுக்கு அதனால் எந்தச் சேதமும் இல்லை.

கேள்வி: முப்பதாயிரம் ரூபாய் வைத்திருக்கிறேன். ரேம், எஸ்.எஸ்.டி., கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றில் எதை முதலில் வாங்க வேண்டும்?
(வாசகர், ஈரோடு)

பதில்: திக்கும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்காமல் இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது; சொல்பவர் விற்பனையாளராக இருப்பார். பிராசஸர் நூறு சதவீதத்தில் நின்று, கிராபிக்ஸ் பக்கத்தில் வீடியோ டிகோட் என்ற வரைபடம் அசையாமல் கிடந்தால் கோப்பை விரிப்பதில் உதவி கிடைக்கவில்லை என்று பொருள். பணம் செலவழிக்காமல் ப்ராக்ஸி செய்யுங்கள். டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றால் எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். மெமரி நிரம்பி வழிந்தால் ரேம். 4கே வேலைக்கு 32 ஜி.பி. வேண்டும். ஒரே குச்சியாக 16 ஜி.பி. போட்டிருப்பவர்கள் அதே வகையில் இன்னொன்றைச் சேர்த்தால் அளவோடு வேகமும் கூடும், ஏனெனில் இரண்டு குச்சி இருந்தால்தான் பிராசஸர் இரட்டைப் பாதையில் மெமரியைப் படிக்கும். எஃபெக்ட் சேர்க்கும்போது மட்டும் கிராபிக்ஸ் நூறைத் தொட்டால், அப்போதுதான் கார்டு.

உங்களுடையது லேப்டாப் என்றால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்யுங்கள். சார்ஜரைச் செருகி, பவர் அமைப்பை முழு வேகத்தில் வைத்துச் சோதியுங்கள். பேட்டரியில் ஓடும்போது பிராசஸரும் கிராபிக்ஸும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு திக்கத் தொடங்கினால் அது சூடு. சித்திரை வெயிலில், மின்விசிறித் துவாரம் தூசியால் அடைபட்ட லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து 4கே எடிட் செய்கிறவர் எந்தப் பாகத்தை வாங்கியும் பயனில்லை. கடையில் கொடுத்துத் திறந்து சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றச் சொன்னால் சில நூறு ரூபாயில் முடியும். மீதிப் பணத்தைப் பிறகு பார்க்கலாம்.